அப்பா அனுப்பாத பத்திரிகை

1

சனிக்கிழமை காலை எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது. ராசிபுரத்தைச் சொல்லவில்லை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். கல்யாணம் ஆன கையோடு இங்கே வந்தவள், பதினெட்டு வருடமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். வார நாட்களில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவு வேலை. சனிக்கிழமைகளில் சம்பளமில்லாத வாத்தியார் வேலை. வகுப்பின் பெயர், 'முதியோருக்கான இணையப் பாதுகாப்பு'.

எதிரே ஏழெட்டுப் பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி. அன்றைய பாடம், தெரிந்தவர் பெயரில் வரும் ஏமாற்று. "உங்கள் சொந்த மகன் பெயரில் வந்தாலும் சரி, எதிர்பாராத கோப்பு என்றால் திறக்காதீர்கள்" என்று ஜெர்மனில் சொல்லி முடித்தேன். மேசை மேலிருந்த என் போன் துடித்தது. அப்பா.

'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு. படமில்லை. கோப்பின் வாலில் 'ஏபிகே' என்று மூன்று எழுத்து இருந்தது. அது பத்திரிகை அல்ல, போனுக்குள் குடியேற வந்திருக்கும் செயலி. அந்த வாலைப் பற்றித்தான் போன சனிக்கிழமை முழுக்கத் தொண்டை வறளப் பேசியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாருமில்லை. இருப்பது என் மகள் ஒருத்தி, அவளுக்குப் பதினாறு.

முன்வரிசையிலிருந்த கெல்லர் அம்மாள், "என்ன ஆயிற்று, கெட்ட செய்தியா?" என்றார். பதற்றத்தில், "கல்யாணப் பத்திரிகைங்க" என்று தமிழில் பதில் சொன்னேன். அவர் விழிக்கவும், அதையே ஜெர்மனில் சொன்னேன். மொத்த வகுப்பும் கைதட்டி வாழ்த்துச் சொன்னது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது இதுதான். ஜெர்மன்காரர்களின் பெற்றோரையெல்லாம் திருடனிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்றவர் திருடனுக்குக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபியும் கொடுத்துவிட்டார்.

2

நூலகத்தின் படிக்கட்டில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். ராசிபுரத்தில் அப்போது பிற்பகல்.

"ஏஞ் சாமி, சாப்ட்டியா?"

"அப்பா, எனக்கு என்ன அனுப்புனீங்க?"

"நான் ஒண்ணும் அனுப்புலயே சாமி."

"உங்க போன்ல இருந்து கல்யாணப் பத்திரிகை வந்திருக்குது."

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு. நம்ம லாரிக்காரர் பழனியப்பன் அனுப்பியிருந்தாப்ல. காலைல இருந்து பிரிக்கறேன், பிரியவே மாட்டேங்குது."

"பிரிச்சீங்களா? போன மாசம்தான ஒரு மணி நேரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தெரியாத எதையும் தொறக்காதீங்கன்னு!"

"தெரியாததா? பழனியப்பனை முப்பது வருசமாத் தெரியும். மனுசன் பத்திரிகை வெச்சா, பிரிச்சுக்கூடப் பாக்காம போடறது மரியாதையா?"

"சரி, அது என்ன கேட்டுச்சு?"

"என்னமோ அனுமதி வேணும்னுச்சு. குடுத்தேன். மறுக்காவும் கேட்டுச்சு. மறுக்காவும் குடுத்தேன்."

"எதுக்குங்கப்பா குடுத்தீங்க?"

"கல்யாண ஊட்டுக்காரங்க கேக்கறாங்க. முடியாதுன்னா சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், படியேறி வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார். என் பாடப் புத்தகத்தில் பேராசைக்கு ஓர் அத்தியாயம் உண்டு, பயத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பரிசு விழுந்திருக்கிறது என்றால் அப்பா சிரிப்பார். போலீஸ் பேசுகிறேன் என்றால், "நேர்ல வாங்க, காபி சாப்ட்டுப் பேசலாம்" என்பார். மரியாதை பார்த்து மாட்டுகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது.

"அப்பா, மொதல்ல போனை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் உடனே..."

ஆஃப் செய்துவிட்டார். அப்புறம் என்பதைக் கேட்க அவர் இல்லை. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். டிரைவர்களுக்கு ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலைதான் சொல்வார். தானும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலைதான் செய்வார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அவரைப் பிடிக்க எனக்கு அந்த ஒரு போனை விட்டால் நாதியில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவள், இரண்டு தடவை மணியடிக்கும் வரை அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையிலிருந்து அப்பா.

"ஆஃப் பண்ணிட்டேன் சாமி. அப்புறம்?"

3

அப்புறம் நடந்ததை எழுதினால் கை வலிக்கும். புகார் சொல்லும் உதவி எண்ணை இங்கிருந்து அழைத்தால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறது. வங்கிக்கு அழைத்தால் முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம், பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடிந்து மனிதக் குரல் கிடைத்தபோது, கணக்கு வைத்திருப்பவர் தன் பதிவு செய்த போனிலிருந்து பேச வேண்டும் என்றது. அந்தப் போனைத்தானம்மா திருடன் வைத்திருக்கிறான் என்றேன். அப்படியானால் அந்தப் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். இங்கே சாமியே போனை எடுக்கவில்லை.

கடைசியில் கடைக்காரரே தன் போனிலிருந்து உதவி எண்ணைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா புகார் சொன்னார். கணக்கை முடக்கினார்கள். பணம் போகவில்லை. போனைத் துடைத்தெடுத்துப் புதிதாக்கித் தர வேண்டும், ஆள் வந்து செய்ய வேண்டும், திங்கட்கிழமை தருகிறேன் என்று கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜெர்மனியில் எதற்கும் கடிதம் போட வேண்டும். இணைய இணைப்பை ரத்துச் செய்வதற்குக்கூட கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். இதென்ன கற்காலம் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேலி பேசுவேன். அன்றைக்குக் கேலி வரவில்லை.

இனித்தான் முக்கியமான சங்கதி. போனை அணைப்பதற்குள் அந்தக் கோப்பு அப்பா போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே போய்விட்டிருந்தது. சொந்தபந்தம், லாரி முதலாளிகள், கோயில் கமிட்டி, மளிகைக்கடை, எல்லாருக்கும். எத்தனை பேர் திறந்திருப்பார்களோ என்று உறவினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

ஒருத்தரும் திறக்கவில்லை. என் வகுப்புக்கு வராத, இணையப் பாதுகாப்பு என்ற சொல்லையே கேட்டிராத ஒருத்தரும் திறக்கவில்லை. காரணம், கோபம். "ஏனம்மா, பேத்தி கல்யாணத்துக்குப் போன்ல பத்திரிகையா? ஊடு தேடி வந்து தட்டம் வெக்க உங்கப்பனுக்குக் காலு வலிக்குதா?" என்று ஒரு பெரியம்மா. "வெளியாளுக்குப் போன்ல வெக்கலாம். பங்காளிக்கும் அதேதானா? நாங்க வரமாட்டோம்" என்று ஒரு சித்தப்பா. கல்யாணமே இல்லை என்று நான் சொன்னதும், அப்படியானால் எங்களைக் கூப்பிடாமலே முடித்துவிட்டீர்களா என்று இன்னொரு சண்டை. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலேறி வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டத்தில் வைத்து, "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மற்ற எந்த வழியில் வந்தாலும் அது அவமானம். அவமானத்தை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா?

என் வகுப்பில் நான் சொல்லித்தராத பாதுகாப்பு முறை இது. அடுத்த சனிக்கிழமை இதை எந்த ஜெர்மனில் சொல்வேன் என்று தெரியவில்லை.

4

சொந்தத்தில் பாக்கி இருந்தது ஒருவர். பாவாயி அத்தை, அப்பாவின் அக்கா. பனமரத்துப்பட்டியில் தனியாக இருக்கிறார். மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து காலமானவர். அவருடைய குடும்பப் பென்ஷனில்தான் அத்தை சாப்பிடுகிறார், மருந்து வாங்குகிறார். பென்ஷன் வரும் கணக்கை மகன் அம்மாவின் போனிலேயே இணைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோப்பை அத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அத்தனையும் போய்விடும்.

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். துண்டித்தார். 'அத்தை, நான் சுமதி. அப்பா பெயரில் வந்ததைத் திறக்காதீர்கள்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். பதிலில்லை. பிறகு மகனைப் பிடித்தேன். அவன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தில் கத்தினான்.

"வெளிநாட்டு நம்பர் எதையும் எடுக்காதன்னு நாந்தான் அம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன் அக்கா! சொந்தக்காரின்னு சொல்லிக்கிட்டே பேசுவாங்க, நம்பாதன்னு!"

"சரி, நீ கூப்பிட்டுச் சொல்லு."

"சொல்றேன்! இங்க டவர் வந்து வந்து போவு..."

அதோடு அவனும் போனான். ஆக, எங்கள் குடும்பத்திலேயே இணையப் பாதுகாப்பை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர் பாவாயி அத்தை ஒருவர்தான். அந்தப் பாதுகாப்பு திருடனை விட்டுவிட்டு என்னைத் தடுத்து நிறுத்தியது. திருடன் வந்தது தம்பியின் பெயரில் அல்லவா!

பனமரத்துப்பட்டியில் வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று போனைத் தேடினேன். அந்த ஊரில் எனக்கு ஒரு நம்பர்கூட இல்லை. சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க அங்கே கிடந்தவள் நான். எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நடைபோட்டேன். அதைப் பார்த்த மகள் காதிலிருந்த இயர்போனை எடுத்தாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு நடைமுறை அது.

"யார் இந்த அத்தை?"

"தாத்தாவோட அக்கா."

"தாத்தாவுக்கு அக்கா இருக்கிறாரா?"

"இருக்காங்க."

"பக்கத்திலா?"

"பஸ்ஸுல ஒரு மணி நேரம்கூட ஆவாது."

"அப்படியென்றால் தாத்தா போய்ச் சொல்லலாமே. அதில் என்ன கஷ்டம்?"

போய்ப் பாடத்தைப் படி என்றேன்.

5

கஷ்டம் இதுதான். பதினெட்டு வருடத்துக்கு முன் என் கல்யாணம் விசா தேதிக்காக அவசர அவசரமாக நடந்தது. கூடப்பிறந்தவளுக்குத்தான் முதல் பத்திரிகை வைக்க வேண்டும். அப்பாவுக்கு நேரமில்லை. ஒரு லோடு அத்தை ஊருக்குப் பக்கத்து மல்லூர் வழியாகப் போகிறது என்று தெரிந்ததும், அந்த டிரைவரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். அவர் வாழ்க்கை முழுக்க எதையும் அப்படித்தான் அனுப்பினார். சிமெண்ட், ஜவ்வரிசி மூட்டை, மாமியாருக்கு மருந்து, எல்லாம் போகிற வண்டியில். அத்தை வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே ஹாரன் அடித்து நீட்டியிருக்கிறான்.

"நானென்ன பார்சலா?" என்று அத்தை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். மாமா இறந்தபோது அப்பா போனார், நின்றார், திரும்பினார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. அன்றைக்கு யாரிடமோ கேட்டு அத்தையின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அதில் ஒரு தடவையும் பேசவில்லை.

செல்போன் கடைக்காரரின் போனில் அப்பாவைப் பிடித்தேன். நல்லவேளை, அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க இப்பவே பனமரத்துப்பட்டி போங்க."

"நானா? அவ ஊட்டுக்கா?"

"அத்தை அதைத் தொறந்தாங்கன்னா பென்சன் காசு மொத்தமும் போயிரும்."

"என் பேருல வந்தா அவ தொறக்க மாட்டா சாமி."

"தொறந்துட்டாங்கன்னா?"

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்," என்றார் மெதுவாக. "மல்லூர் பக்கம் போற வண்டி ஏதாச்சும் இருக்கும். தெரிஞ்ச டிரைவர் ஆருகிட்டயாவது சொல்லியுட்டா..."

எனக்கு வந்ததே கோபம்!

"மறுபடியும் லாரியா? உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா? போனதடவை லாரியில அனுப்புனதுக்கே பதினெட்டு வருசம் ஆச்சு. இப்ப அவங்க சோத்துல ஒரு திருடன் கைவெக்கறான், அதையும் சொல்லியனுப்பறீங்களா? உங்க பேரை வெச்சுத்தான திருட வந்திருக்கான்? அந்தப் பேரோட நீங்களே போய் நில்லுங்க!"

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. மகள் அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"சரி, வையி," என்றார் அப்பா. "போறேன்."

6

அதன் பிறகு காத்திருந்தது பெரும்பாடு. சோறு வடிக்க மறந்தேன். துணி மெஷினில் சோப்புப் போடாமல் துவைத்தேன். பஸ் கிடைத்திருக்குமா, மல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்திருப்பாரா, அத்தை கதவைத் திறப்பாரா என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். அப்பா கையில் போனில்லை, கேட்கவும் வழியில்லை.

கடைசியில் அத்தையின் எண்ணிலிருந்தே வீடியோ அழைப்பு வந்தது. அவர் எடுக்காமல் விட்ட என் நம்பரை அப்பா பார்த்து, அதையே அழுத்தியிருக்கிறார். திரையில் பாதி விட்டம், பாதி அத்தை. தலை முழுக்க வெளுத்திருந்தது. நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பா.

"ஆரு, சுமதியா? வெளிச்சத்துக்கு வா சாமி, மூஞ்சியே தெரியல."

"அத்தை, நல்லா இருக்கீங்களா? அந்தப் பத்திரிகையைத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குத் தொறக்கறேன்? கூடப் பொறந்தவளுக்குப் போன்லயா வெக்கறது? வர்றவன் நேர்ல வரட்டும், அப்பறம் பிரிச்சுக்கலாம்னு அப்படியே வெச்சிருக்கறேன்."

உயிர் வந்தது எனக்கு. திறக்கவில்லை. பென்ஷன் தப்பியது. அத்தை மேலே பேசிக்கொண்டே போனார்.

"இன்னைக்கு வந்துட்டானே உங்கப்பன். வாசல்ல வாழப்பழச் சீப்போட நிக்கறான். உள்ள வாடான்னு கூப்புட்டு, வெத்தலை பாக்கு நானே எடுத்து வெச்சுட்டேன், அவன் எங்க கொண்டாந்திருக்கப் போறான்? உம்பட புள்ள அம்மிணிக்கு மாப்பிள்ளை எந்த ஊரு? சின்னப் புள்ளைன்னு நெனச்சிருந்தேன்."

அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் ஒரு தட்டம், வெற்றிலை, பாக்கு, குங்குமச்சிமிழ், அவர் வாங்கி வந்த அதே பழம்.

"அப்பா, நீங்க இன்னும் சொல்லலையா?"

"நீயே சொல்லு சாமி," என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? இத்தனை தூரம் பஸ்ஸேறிப் போயும் சொல்ல வேண்டியதை என் கையில் கொடுத்தனுப்புகிறார்.

சொன்னேன். கல்யாணமில்லை அத்தை. அம்மிணிக்குப் பதினாறு வயசு. அந்தப் பத்திரிகை அப்பா அனுப்பியதில்லை, அப்பா போனில் புகுந்த திருடன் அனுப்பியது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். கத்தவில்லை.

"என்னைய ஆருன்னே தெரியாத திருட்டுப்பய, எனக்கொரு பத்திரிகை வெக்கோணும்னு நெனச்சிருக்கான். கூடப் பொறந்த உனக்குத் தோணுல பாரு."

எனக்கு வந்தது எனக்குத் தெரிந்த ஒரே பாஷைதான்.

"அத்தை, அதை மொதல்ல அழிச்சிருங்க. விரலை அது மேல வெச்சு அழுத்துங்க, மேல குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு வரும்..."

"எதுக்கு அழிக்கறது?"

"அது விஷம்ங்க அத்தை."

"அழிச்சுட்டா அப்பறம் இதுல என்ன இருக்கும்?" போனைத் திருப்பி அப்பாவிடம் காட்டினார். எனக்கு அவருடைய சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. "பாரு. தம்பின்னு உன் பேரு போட்டு வெச்சிருக்கறேன். அதுக்குக் கீழ வந்தது இது ஒண்ணுதான். இது இருக்கட்டும்."

"அத்தை, கை தவறிப் பட்டுச்சுன்னா பென்சன் மொத்தமும் போயிரும்!"

"படாது. நான் தொட மாட்டேன்."

"அப்பா! நீங்களாவது வாங்கி அழிங்க!"

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, என் கல்யாணத்துக்கு முன்பு நான் கேட்ட அதே குரலில், "அக்கா" என்றார்.

"அதை அழிச்சுரு அக்கா. நான் வேற அனுப்பறேன்."

"என்னத்த அனுப்புவ?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யோசித்தார்.

"ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டேன்னு அனுப்பறேன்."

"மொதல்ல அது வரட்டும். அப்பறம் இதை அழிக்கறேன்."

"போன் கடையில கெடக்குது அக்கா. திங்கக்கெழமதான் தருவாங்க."

"பதினெட்டு வருசம் இருந்தேன். திங்கக்கெழம வரைக்கும் இருக்க மாட்டனா?" என்றார் அத்தை.